நாய் கடித்தால் சட்டப்படி என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்களும் அவர்கள் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டத்தைப் பற்றிய பக்கம் என்றாலும் பதில் காயத்திலிருந்தே தொடங்குகிறது. உயிர் பிழைப்பதும் வழக்கு நிற்பதும் முதல் ஒரு நாளில் நீங்கள் செய்வதைப் பொறுத்தவை.

முதலில் போலீஸா, ஆஸ்பத்திரியா?

இரண்டுக்கும் முன்னால் தண்ணீர்க் குழாய். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். பலரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கும். உள்ளே போன ரேபிஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாய்க்கடி ஊசி இலவசம். ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் 108. எங்கே போவது என்று கேட்க 104. போலீஸ் புகாரை அதன் பிறகு, அதே நாளிலோ மறுநாளோ கொடுத்தால் போதும்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு, பயப்படாதீங்க" என்கிறார் உரிமையாளர். எனக்கு ஊசி வேண்டுமா?

வேண்டும். நாய்க்குப் போட்ட ஊசிச் சான்றை வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் அதை நம்பி உங்கள் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பது என்ற முறை உண்டு. அந்தப் பத்து நாளும் காத்திருந்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: 0.1 மி.லி. வீதம் இரண்டு இடங்களில், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தசையில் போடும் முறையென்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. கடித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. தசை ஊசியைப் பெரியவர்களுக்குத் தோளிலும் சின்னக் குழந்தைகளுக்குத் தொடையிலும் போடுவார்கள். பிட்டத்தில் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே முழுச் சுற்றும் போட்டவருக்கு 0, 3 ஆகிய இரண்டு நாட்கள் போதும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் தேவையா என்று கேளுங்கள்.

ஊசி போட்டார்கள், "சீரம்" போடவில்லை. அது அவசியமா?

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ, கண், வாய் போன்ற இடங்களில் எச்சில் பட்டிருந்தாலோ அது மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற சீரமும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் காவல் காப்பது சீரம்தான். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலுமே செலுத்த வேண்டும்.

குதிரைச் சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு, மனிதச் சீரம் என்றால் 20 அலகு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குதிரைச் சீரம் 2,400 அலகு வரும், மி.லி.க்கு 300 அலகு உள்ள குப்பியில் அது 8 மி.லி. முதல் நாளே போடுவது நல்லது. விட்டுப்போயிருந்தால், முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டும் பின்னால் உதவும்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?

வழக்கு இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. விபத்துப் பதிவேட்டில் ("ஏ.ஆர்." என்பார்கள்) பதியச் சொல்லுங்கள். அதில் "நாய்க்கடி" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருடைய நாய் என்று நீங்கள் சொன்னது அப்படியே பதிவாக வேண்டும். முதல் நாள் "தெருவில் ஒரு நாய் கடித்தது" என்று பதிவாகி, பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு நாய் என்று புகார் கொடுத்தால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, மருந்துக்கடை பில், ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ ஆன செலவு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ம் பிரிவில், 15 நாட்கள் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ கடும் வலியோடு இருந்தாலோ அது கொடுங்காயம். முகத்தில் நிரந்தரத் தழும்பு, எலும்பு முறிவு, பல் விழுவது ஆகியவையும் அப்படியே. சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்பதைக் காயச் சான்றில் டாக்டர் எழுதுவதை வைத்தே பிரிவுகள் மாறும்.

வேறு என்ன ஆதாரம் சேர்க்கலாம்?

கழுவி முடித்ததும் கட்டுப் போடுமுன் காயத்தைப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ இருந்தால் அளவு தெரியும். மூன்றாம் நாள், பத்தாம் நாள், தழும்பான பிறகு என்று மறுபடியும் எடுங்கள். கிழிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். நாயையும், திறந்து கிடந்த கேட்டையும் படம் எடுக்க முடிந்தால் நல்லது.

சிசிடிவிதான் அவசரம். வீட்டு கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்து புதியது ஏறிவிடும். அன்றைக்கே போய்க் கேளுங்கள். தர மறுத்தால், அந்த கேமரா இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, பதிவைக் கைப்பற்றும்படி புகார் மனுவிலேயே எழுதுங்கள். செல்போன் வீடியோவைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி சான்று வேண்டும். ஆகவே எடுத்த போனைத் தொலைக்காமல், வீடியோவை வெட்டாமல் வைத்திருங்கள்.

வளர்ப்பு நாய் கடித்தால் உரிமையாளர் மீது எந்தச் சட்டத்தில் வழக்கு?

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் உள்ளது. அதன் 291-ம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் போதுமான பாதுகாப்பு எடுக்காமல் விடுவதைக் குற்றமாக்குகிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தின் 289-ம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது.

"தன் வசமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாயை நடக்க அழைத்துப் போனவர் வீட்டு வேலையாளாக இருந்தால் அவரும் இதற்குள் வரலாம். அஜாக்கிரதையால் காயம் நேர்ந்தால் 125-ம் பிரிவும் சேரும்: சாதாரணக் காயத்துக்கு 6 மாதம் வரை, கொடுங்காயத்துக்கு 3 ஆண்டு வரை சிறை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் கொண்டுவந்தார்கள். உரிமம் இல்லை என்பது மட்டுமே கடித்த குற்றத்தை நிரூபித்துவிடாது. ஆனால் உரிமையாளரின் அக்கறையின்மைக்கு அது நல்ல ஆதாரம்.

புகாரில் என்ன எழுதுவது?

கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"இன்ன தேதி காலை 7.10 மணிக்கு இன்ன தெருவில் 14-ம் எண் வீட்டு வாசல் வழியாக நடந்து சென்றேன். அந்த வீட்டில் குடியிருக்கும் இன்னாருடைய பழுப்பு நிற நாய், திறந்திருந்த கேட் வழியாக ஓடி வந்து என் வலது கெண்டைக்காலில் கடித்தது. நாய்க்குச் சங்கிலியோ வாய்மூடியோ இல்லை. நான் நாயைச் சீண்டவில்லை. எதிர்வீட்டுக்காரரும் பால் போடுபவரும் பார்த்தார்கள். இதே நாய் இதற்கு முன் இன்னாரையும் கடித்துள்ளது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன், ஏ.ஆர். எண் இது. பாரதிய நியாய சன்ஹிதா 291, 125 பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்கவும், எதிர்வீட்டு சிசிடிவி பதிவைக் கைப்பற்றவும், நாயைக் கால்நடை மருத்துவர் கண்காணிப்பில் வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

முன்பு கடித்ததைப் பற்றிய வரி மிக முக்கியம். நாயின் குணம் தெரிந்தும் அவிழ்த்துவிட்டார் என்று காட்ட அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. பொய்யாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் "நாய்க்கடிக்கெல்லாம் கேஸா?" என்று திருப்பி அனுப்பினால்?

291-ம் பிரிவு, போலீஸ் நேரடியாக எப்.ஐ.ஆர். பதியக்கூடிய குற்றம். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள்; வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எப்.ஐ.ஆர். ஆகாது. எப்.ஐ.ஆர். பதிந்தால் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)-ன்படி மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரில் ஆணையர் அலுவலகத்துக்கு) பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; தபால் ரசீதைக் கிழித்து எறிய வேண்டாம். அதற்கும் பதிலில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

ரொம்ப நாள் விடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனை உள்ள குற்றங்களை, நடந்து ஓராண்டு கடந்தால் கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்ளாது.

நஷ்ட ஈடு எப்படிக் கேட்பது?

கிரிமினல் வழக்கில் அபராதம் அரசுக்குப் போகும். கோர்ட் விரும்பினால் அதிலிருந்து உங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம். அதையே நம்பியிருக்க முடியாது. பணத்துக்கு சிவில் வழக்குதான் நேரான வழி. சம்பவம் நடந்த ஊரிலோ எதிர்த் தரப்பு வசிக்கும் ஊரிலோ போடலாம். மூன்று ஆண்டுக் காலக்கெடு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு லட்சம் கேட்டால் 3,000 ரூபாய்.

எதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம்? மருத்துவச் செலவு, நான்கைந்து தடவை போய்வந்த செலவு, போன கூலியோ சம்பளமோ, துணைக்கு வந்தவர் இழந்த கூலி, வலியும் மன வேதனையும், தழும்பை நீக்கச் செய்ய வேண்டிய சிகிச்சை. கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முகத்துத் தழும்பென்றால் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தினக்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மேஸ்திரியிடமோ கடை முதலாளியிடமோ எழுதி வாங்கிய கடிதமும் வங்கிக் கணக்குப் பதிவும் உதவும்.

உரிமையாளர் 3,000 ரூபாய் தருகிறேன், "புகார் இல்லை" என்று எழுதிக் கொடு என்கிறார். வாங்கலாமா?

சமரசம் தப்பில்லை. பக்கத்து வீட்டோடு காலமெல்லாம் முகம் பார்க்க வேண்டியவர்களுக்குப் பல சமயம் அதுவே நல்லது. அவசரப்படுவதில்தான் நஷ்டம். கடைசி ஊசி 28-ம் நாள். காயம் சீழ் பிடிக்குமா, விரல் மடங்குமா, தழும்பு எப்படி ஆறும் என்பது அதற்குள் முழுதாகத் தெரியாது. மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வரும் செலவைக் கேட்க வாயிருக்காது.

உடனடிச் செலவுக்குப் பணம் தேவையென்றால், "மருத்துவச் செலவுக்கு முன்பணமாக மட்டும் பெற்றேன், மீதி உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள். முடிவான ஒப்பந்தம் போடும்போது தொகையோடு நாயைப் பற்றியும் எழுதுங்கள்: கேட் மூடியிருக்க வேண்டும், வெளியே வந்தால் சங்கிலியும் வாய்மூடியும், ஊசிச் சான்றின் நகல். பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். எப்.ஐ.ஆர். பதிவான பிறகு ஸ்டேஷனில் எழுதும் கடிதத்தால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது என்பதையும் இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல இடம் ஒன்று இருக்கிறது: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுமுன்பே மனுக் கொடுத்தால் எதிர்த் தரப்பை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்பைப் போலவே செல்லும், கட்டணமும் இல்லை.

"நாய் ஜாக்கிரதை" போர்டு இருந்ததே என்கிறார்கள்.

போர்டு மட்டுமே உரிமையாளரைக் காப்பாற்றாது. நாய் ஆபத்தானது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கே அது சாட்சியாகலாம். கேட்டுக்கு உள்ளே, அனுமதியில்லாமல் நீங்கள் நுழைந்தபோது கடித்தது என்றால் நிலைமை வேறு. நாயைக் கல்லால் அடித்தீர்கள், சாப்பிடும்போது சீண்டினீர்கள் என்று நிரூபித்தாலும் உங்கள் தொகை குறையலாம், அடியோடு போகவும் செய்யலாம். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், மீட்டர் கணக்கெடுப்பவர் ஆகியோர் வேலையாகவே உள்ளே வருபவர்கள். அவர்களை அத்துமீறியவர்கள் என்று சொல்ல முடியாது.

தெருநாய் கடித்தால் யாரைப் பிடிப்பது?

தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் பொறுப்பு, 2023-ம் ஆண்டு விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்புகளுடையது. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். சென்னையில் 1913, மற்ற இடங்களில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகம், கிராமத்தில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். முதல்வரின் உதவி எண் 1100. போனில் சொன்னாலும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நஷ்ட ஈடு கேட்க வேண்டுமானால் கடமை தவறினார்கள் என்று காட்ட வேண்டும். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் கட்டணத்தில், உங்கள் வார்டில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாய்க்கடிப் புகார் வந்தன, எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தார்கள், உங்கள் தெருப் புகார் மீது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "புகார் வந்தது, நடவடிக்கை இல்லை" என்று அவர்கள் கையாலேயே எழுதிவந்தால், அதுவே உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

அதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசமைப்புச் சட்டம் 226-ம் பிரிவின் கீழ் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். உண்மை விவரங்களில் தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆகவே காகிதம் தெளிவாக இருந்தால்தான் ரிட் நல்லது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாயும், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ. காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாயும் என்று அளவு வகுத்தது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது; ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம். காயத்தின் நீள அகலத்தை டாக்டர் எழுதியிருப்பது இதற்கும் பயன்படும்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடத்தில் கடித்திருந்தால் உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் 7 உத்தரவைச் சுட்டுங்கள். அங்கிருந்து பிடிக்கும் நாய்களைக் கருத்தடை செய்தாலும் அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்கிறது அது.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர் பொறுப்பாவாரா?

சோறு வைத்தார் என்பதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வீட்டுக்குள் படுக்கவைத்து, பட்டை கட்டி, தன் நாயாகவே வைத்திருந்தால் "தன் வசமுள்ள" என்று வாதிட இடமுண்டு. 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, அதற்கென உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. உங்கள் பகுதியில் அப்படி இடம் ஒதுக்கவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

கடிபட்டது குழந்தை என்றால்?

குழந்தைகள் உயரம் குறைவு. கடி முகத்திலும் கழுத்திலும் தலையிலும் விழும். மூளைக்கு அருகிலான காயம் என்பதால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. திட்டு விழும் என்று பயந்து சின்னக் கீறலைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. உடம்பைப் பார்த்துக் கேளுங்கள். குழந்தைக்காகப் பெற்றோர் வழக்குப் போடலாம். போடாமல் விட்டால் 18 வயது முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பிள்ளையே போடலாம். சாட்சியும் சிசிடிவியும் அதுவரை இருக்காது என்பதால் இப்போதே தொடங்குவது மேல்.

டெலிவரி வேலையில் இருக்கும்போது கடித்தது.

அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் (செயலியிலோ மின்னஞ்சலிலோ) தெரிவியுங்கள்; ஆர்டர் எண்ணும் நேரமும் நீங்கள் அங்கே வேலையாக இருந்ததற்கு ஆதாரம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள ஊழியர் என்றால் வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். செயலி நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில் விலங்குக்கடி அடங்குமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இது கிடைத்தாலும் நாயின் உரிமையாளர் மீதான உரிமை அப்படியே இருக்கும்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடலாமா?

கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் குற்றவாளியாகிவிடுவீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: நாய் உயிரோடு கண்காணிப்பில் இருந்தால்தான் வெறிநோய் இருந்ததா என்பது தெரியும். வெறி பிடித்ததுபோல் தெரிந்தால் உள்ளாட்சிக்கு உடனே சொல்லுங்கள். அதைப் பிடித்துத் தனிமைப்படுத்துவது அவர்கள் கடமை.

கடிபட்டவர் இறந்துவிட்டால்?

உரிமையாளரின் அஜாக்கிரதை காரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை. குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்க, 1855-ம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே காலக்கெடு. காயத்துக்கான மூன்று ஆண்டு இங்கே பொருந்தாது. ரேபிஸ் என்று சந்தேகம் இருந்தால் இறப்புக்கான காரணத்தை மருத்துவ ஆவணத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்த்துத் தருவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்; தாலுகா கோர்ட்டுகளிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது ஏ.ஆர். நகல், ஊசி அட்டை, புகார் நகல், படங்கள், பில்கள் உள்ள அந்த உறையைக் கொண்டுபோங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.